தாள் கிழியவில்லை

12.8.1996, திங்கள்

இன்று தாள் கிழியவில்லை. அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

நடை தடுமாறுகிறதே என்று ஸ்டெல்லா டீச்சர் நடத்தும் ‘தாய் சி’ என்ற சீன உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. அடி எடுத்து வைக்குமுன் எடை முழுவதும் ஒரு காலுக்குப் போய்விட வேண்டும், மற்றது வெறும் காலாக நிற்க வேண்டும் என்பார். சோதிக்க, வெறும் காலுக்கு அடியில் செய்தித்தாளைச் செருகி இழுப்பார். எடை மிச்சமிருந்தால் தாள் கிழியும். எனக்குத் தினமும் கிழிந்தது. இருபது வருடமாகப் பொள்ளாச்சி பஸ்ஸில் கிளட்ச் மிதிக்கும் இடது கால் தரையைக் கண்டாலே அழுத்தும்.

“ஏனுங்கண்ணா, இது பஸ்ஸுங்களா? அந்தக் காலைச் சும்மா உட்டுப்போடுங்க” என்று சிரிப்பார்.

இன்று காலை கண்ணை மூடி நின்றிருந்தேன். கைதட்டல் கேட்டது. பார்த்தால், முழுத்தாள் டீச்சர் கையில்.

“புடிச்சுப்போட்டீங்கண்ணா! இடுப்பு இளகிருச்சுங்க!”

நானும் சிரித்து வைத்தேன்.

இடுப்பு ஒன்றும் இளகவில்லை. தாளை எப்போது செருகினார், எப்போது உருவினார் என்றே எனக்குத் தெரியாது. இடது பாதம் மரத்துக் கிடக்கிறது; தாள் பட்டது தெரிந்தால்தானே கால் அழுத்தும். போன மாதம் சர்க்கரை டாக்டர் அங்கே ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். “தெரியுதுங்க, தெரியுதுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? மரத்துவிட்டது என்றால் டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

நாளை ஐந்தே காலுக்கு முதல் டிரிப். கிளட்சின் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.