சாவு வீட்டு நேரலை

ஜூலை 11, வெள்ளி

ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் புழுதிக்காற்று. லென்ஸைத் துடைத்தே கை ஓய்ந்தது.

மானாம்பதியில் சாவு. எட்டியப்பன், டிராக்டர் ஓட்டியவர். மகன் குமரேசன் குவைத்தில். லீவு தரவில்லை. மருமகள் செல்வி காலையிலேயே ஸ்டூடியோவுக்குப் போன்: "யக்கா, அவுரு அங்க உக்காந்துக்கினே பாக்கணும். லைவ் போட்டுக் குடு."

போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. எடுக்கும் நேரம், வழக்கப்படி செத்தவருக்குப் பிடித்த பாட்டு. இவருக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு, டிராக்டரில் எந்நேரமும் அதுதான் ஓடும். பேண்டு செட் லோகநாதன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, கூடவே வாசித்தார். முகத்தை மூடுவதற்கு முன் மகனுக்குக் காட்டலாம் என்று கேமராவைக் கிட்டே கொண்டு போனேன்.

கட். திரையில் ஒரே வரி. காப்புரிமைப் புகாராம்.

செல்வி போனில் குமரேசன்: "யக்கா, இன்னா ஆச்சு? அப்பா மூஞ்சி எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். சீ.

ஜூலை 12, சனி

தலைவலி. பேட்டரி சார்ஜ். கல்யாண ஆல்பம் பாதியில்.

கேமராவில் பதிவானதை நேரலை போன தளத்திலேயே ஏற்றிப் பார்த்தேன். பாட்டு வருகிற இடம் முழுக்க ஊமை. அதே இடத்தில்தான் மகள் காஞ்சனாவின் ஒப்பாரி. அதுவும் போச்சு. அவள் அழுகை எந்தக் கம்பெனிச் சொத்து?

ஆட்சேபம் அனுப்பினேன். கேள்வி வருகிறது: உரிமையாளரிடம் அனுமதி பெற்றீர்களா? பாடையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அனுமதி வாங்கப் போக வேண்டும் போல.

சாயங்காலம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வக்கீல் ஒருவர். அவரிடம் கொட்டினேன். சிரித்தார். "கல்யாணம், சாமி காரியத்துக்குலாம் சட்டத்துலயே விலக்கு கீதும்மா. சாவுக்கும் வாதாடலாம். ஆனா எங்க போய் வாதாடுவ? மொதல்ல மூடுவான், அப்பறந்தான் கேப்பான். இன்னும் கடுமையா சட்டம் வேணுமாம், கம்பெனிக்காரனுங்க கேட்டுக்கினு கீறானுங்க."

போட்டோவில் கண்ணை மூடிவிட்டார். திரும்ப எடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

காஞ்சிபுரம் போனேன். ஆல்பத் தாள், பசை, இரண்டு மெமரி கார்டு.

முழுப் பதிவை அனுப்ப வழக்கமான இலவசத் தளத்தைத் திறந்தால் அதுவும் பூட்டு. கோர்ட் உத்தரவாம். புதுப்படம் ஒன்றை யாரோ அதில் போட்டானாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் அதே படத்தை போனில் அலறவிட்டுப் பார்க்கிறார். திருடன் பெயரை மாற்றி வேறு கடை விரித்தாயிற்று. பூட்டு எங்களுக்குத்தான்.

படம் எடுப்பவன் பிழைக்க வேண்டாமா? வேண்டும். நான் எடுத்த போட்டோவை வேறு ஸ்டூடியோக்காரன் பேனரில் போட்டபோது எனக்கும் வயிறு எரிந்தது. அதற்காக அவன் தெருவுக்கே கரண்டை நிறுத்தச் சொன்னேனா? உண்டியலை உடைத்தவனைப் பிடிக்காமல் ஊருக்கே கோயிலைப் பூட்டுகிறார்கள். கேட்டால் சட்டம். அருவருப்பாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினேன். குமரேசனிடமிருந்து வாய்ஸ் வந்தது: "பாத்தேங்கா. ஆனா அன்னைக்கு அந்த நேரத்துல நான் இல்லியேக்கா."

இரண்டாம் முறை கேட்க மனம் வரவில்லை.

ஜூலை 19, சனி

ஆட்சேபம் நிராகரிப்பு. காரணம் சொல்லவில்லை. மனுஷன் எவனாவது பார்த்தானா என்பதே சந்தேகம்.

தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 26, சனி

ஏரிக்கரையில் காரியம். மேகமூட்டம், மழை இல்லை. மறுபடி நேரலை, செல்விதான் கேட்டாள். ஐயர் வந்தாயிற்று. லோகநாதன் ஸ்பீக்கரை இறக்கி, அதே பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. குமரேசன். "யக்கா, அப்பா பாட்ட மட்டும் வாணாம்னு சொல்லிடு. கட்டாயிடும்."

சொன்னேன். லோகநாதன் என்னையே பார்த்தார். "அவுரு பாட்டு இல்லாமலா?"

"மகன்தான் சொல்றாரு."

ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். காஞ்சனா எழுந்து வந்தாள். "எங்க அப்பா பாட்டு எங்கக்கா?"

நான் கேமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரலை கடைசிவரை கட்டாகவில்லை. தூ.