வாலாஜாபாத் பல்பொடி

ஜூலை 3, திங்கள்

வெயில். கடையில் புதுப் பலகை மாட்டியாயிற்று: 'காஞ்சிபுரம் ஏக விநியோகஸ்தர்'. இனி ஊரில் யார் இந்தக் கம்பெனிப் பல்பொடி விற்றாலும் அப்பாவிடம்தான் வாங்க வேண்டும். கூடவே கம்பெனி சோப்பும் எடுத்தாக வேண்டும். நுரைக்காத சோப்பு. என் சிநேகிதன் தனபாலின் அப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் சின்னக் கடை. காலையில் தனபால் என் பெஞ்சை விட்டு எழுந்து பின்னால் போய்விட்டான். அப்பா ஏக ஏஜெண்ட், நான் ஏக பெஞ்ச்.

ஜூலை 4, செவ்வாய்

ஏஜென்சியால் நல்லது: போலிப் பொடி ஒழிந்தது (போன வருஷம் செங்கல் தூள், என் ஈறே சாட்சி). சரக்குக்குத் தட்டுப்பாடு வராது.
கெட்டது: சோப்பு. அப்பாவும் வேறு கம்பெனிச் சரக்கைத் தொடக்கூடாது.
தனபாலை எதில் சேர்ப்பது?

அவன் பையில் தவளை விட்டேன். எடுத்துப்போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அதே தவளை என் டிபன் பாக்ஸுக்கு வந்திருக்கும்.

ஜூலை 6, வியாழன்

தூறல். சனிக்கிழமை கம்பெனி இன்ஸ்பெக்டர் வருகிறார். டப்பாவின் அடியில் அப்பாவின் ரப்பர் ஸ்டாம்ப் இல்லையென்றால் வெளியூர்ச் சரக்கு. அந்தக் கடைக்கு அப்புறம் பொடியே கிடையாது. தனபாலின் அப்பா சோப்புக்குப் பயந்து வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் பொடி கொண்டுவருவது வகுப்புக்கே தெரியும்.

சாயங்காலம் அவர்கள் கடைக்குப் போனேன், பையில் அப்பாவின் ஸ்டாம்போடு. தனபாலின் அம்மா மட்டும்.
"கொயால தண்ணி வருது, ரவ நேரம் கடைய பாத்துக்கினு இருப்பா."
அவர் குழாயடியில் இரண்டு குடம் பிடிப்பதற்குள் எல்லா டப்பாவிலும் குத்திவிட்டேன். என் குறும்புகளிலேயே யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாதது இதுதான்.

ஜூலை 8, சனி

தனபாலின் கடையில் இன்ஸ்பெக்டர், அப்பா, பின்னால் நான். தனபாலின் அப்பா முகத்தில் ரத்தமில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். ஸ்டாம்ப். இன்னொன்று. ஸ்டாம்ப். அந்தக் கடைக்கு ஒரு டப்பாகூடப் போடாத அப்பா, என் விரலில் இருந்த ஊதா மையைப் பார்த்தார்.
"சோப்பைக் காணோமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.
அப்பா சொன்னார்: "எல்லாம் வித்துப்போச்சு சார்."
"அப்படியா? அடுத்த லோடுல ரெண்டு மடங்கா அனுப்பறேன்."

 வீட்டு வாசலில் அப்பா: "கையக் கழுவு. அந்த சோப்பாலயே."
மை போகவில்லை.

ஜூலை 10, திங்கள்

மேகமூட்டம். தனபால் இன்றும் பின்பெஞ்சில்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை. மதியம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
தவளை.
இட்லி போச்சு.