சாதிக்காய் என்று நீங்கள் அரைத்தது

அண்ணை,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, உங்கள் வீட்டு அக்கா உங்களுடைய கோப்பி அரைக்கும் மெஷினைப் பையில் போட்டு என் கையில் தந்தார். "இது இனி உங்களிட்டை இருக்கட்டும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் காலை அதில் அரைத்த கோப்பியைக் குடித்த பிறகுதான், அக்கா ஏன் அவ்வளவு சந்தோஷமாக அதைக் கைமாற்றினார் என்று விளங்கியது. எத்தனை தரம் துடைத்தாலும், நீங்கள் அதில் அரைத்த கொட்டையின் வாசம் போகாது. என் வீட்டில் இப்போது கோப்பி குடித்தால் மிளகு ரசம் குடித்த ஏப்பம் வருகிறது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்கழி. நாற்பது வயதில் தகப்பனானவன் நான். நாங்கள் இருவரும் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லோருக்கும் சொக்லேற் கொடுத்தேனே தவிர, வீட்டில் பெண்சாதிக்கு என்ன கொடுப்பதென்று யோசிக்கவில்லை. அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்தில். இங்கே நான். உருளைக்கிழங்கு அவித்தேன், கரைந்தது. சூப் வைத்தேன், கட்டியானது.

நான்கு நாளாக அவள் தேநீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பால் போதவில்லை. பிள்ளைக்கு அழுதழுது தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவிச்சி, திங்கள் காலைக்குள் தாய் சாப்பிடாவிட்டால் இருவரும் மறுபடி ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு நீங்கள் வந்தீர்கள்.

"தள்ளும். உமக்குச் சுடுதண்ணியும் கருகும். பத்தியக் கறி நான் வைக்கிறன்."

"நீங்கள் எத்தனை பிள்ளை பெத்தனீங்கள், அண்ணை?"

"மன்னாரிலை நாங்கள் ஏழு பேர். கடைசி மூண்டுக்கும் அம்மாவுக்கு அரைச்சுக் குடுத்தது நான்தான்."

மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் இருந்தன. சாதிக்காய் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாட்டில் தும்முவதற்கே யோசிக்க வேண்டும். கடைக்கு எங்கே போவது? விட்டுவிடச் சொன்னேன். "அது இல்லாட்டி அது பத்தியமில்லை, வெறுங்குழம்பு" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு ட்ராம் ஏறினீர்கள்.

எங்களோடு வேலை செய்த கமரூன் நாட்டுப் பெண்ணின் வீட்டுக்குத்தான் போனீர்கள். நாங்கள் "மாமி" என்று கூப்பிட, ஏதோ மரியாதை என்று ஏற்றுக்கொண்டவர். கடதாசிப் பை நிறையக் கொட்டைகளோடு திரும்பி வந்தீர்கள். புளியங்கொட்டையை ஊதிப் பெருப்பித்த மாதிரி இருந்தன.

"இது சாதிக்காய் மாதிரி இல்லையே, அண்ணை."

"நாட்டுக்கு நாடு முகம் மாறும். மணந்து பாரும்."

சாதிக்காய் வாசந்தான், ஆனால் பின்னால் மரப்பிசின் போல ஒன்று மூக்கில் ஏறியது. தாச்சியில் வறுத்தீர்கள். கோது வெடித்ததும் உரித்து, பத்துக் கொட்டையை, வரும் வழியில் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த அந்தக் கோப்பி மெஷினில் போட்டு அரைத்தீர்கள். புகை மாடிப்படி வரை போய், கட்டிடப் பராமரிப்பாளரைக் கூட்டி வந்தது. இது சாப்பாடா மருந்தா என்று அவர் கேட்க, "ரெண்டும்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள்.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தீர்கள். "தங்கச்சி, நீங்கள் சாப்பிடாமல் நான் இதாலை எழும்பமாட்டன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கறி ஆறியது; சூடாக்கினீர்கள். மறுபடி ஆறியது, மறுபடி சூடாக்கினீர்கள். மூன்றாம் தரம் எழுந்திருந்து ஒரு வாய் வைத்தாள்.

"அண்ணை, உப்புக் காணாது" என்றாள்.

அவளுடைய வாயிலிருந்து குறை கேட்டு அவ்வளவு ஆனந்தப்பட்டது எனக்கு அதுதான் முதலும் கடைசியும். கோப்பை வழித்த மாதிரி வெறுமையானது. விடிந்தபோது பிள்ளை அழவில்லை, குடித்துக்கொண்டிருந்தது. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவில்லை.

அன்று பின்னேர வேலையில்தான் மாமி கேட்டார், எத்தனை கொட்டை போட்டீர்கள் என்று. பத்து என்றதும் சாலட் வாளியின்மேல் குந்திவிட்டார். அது சாதிக்காயே இல்லையாம், வேறு மரமாம். மணந்தான் ஒன்றாம். மீன் சூப்புக்கு நாலோ ஐந்தோ வறுத்துப் பொடித்துப் போடுவார்களாம். நஞ்சா என்று கேட்டேன். மாமி சிரித்தார். வயிற்றுக்கு நல்லதாம், பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் ஊரிலும் இதைப் போட்டுத்தான் காரமாகச் சூப் வைத்துக் கொடுப்பார்களாம்.

"தெரிஞ்சுதான் போட்டனான்" என்றீர்கள். ஆனால் உடை மாற்றும் அறையில் உங்கள் சட்டைப் பொத்தான் மூன்று தரம் துளை தவறியது. அதைப் பார்த்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அண்ணை. நாலைந்து பேருக்குத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் சாதிக்காயைத் தொடவில்லை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாமியின் கொட்டைதான். எங்கடின் மலைப்பக்கத்தில் ஹோட்டல் வேலை செய்த ஒரு பெண் பிள்ளை பெற்றபோதுகூட, மலை ரயிலில் சட்டியோடு போய் இதைத்தான் அரைத்தீர்கள். நான் சட்டி தூக்க மட்டும் வந்தேன். எனக்கு இன்றைக்கும் உருளைக்கிழங்கு கரைகிறது. இந்த ஒரு கறி மட்டும் பிழைக்காது. இப்போது உப்பும் அளவாகப் போடுகிறேன்.

போன சனிக்கிழமை சோலோதுர்ன் நகரில் ஒரு வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த புதுத் தகப்பன் நான்கு நாள் தாடியோடு என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லையே, அண்ணை."

"ஓம், கேக்கேல்லை" என்று சப்பாத்தைக் கழற்றினேன். "அடுப்பு எங்கை?"