பேரை மறைத்த பொட்டு

ஒரு பிள்ளை எழுதிய கட்டுரையில் நாம் எவ்வளவு தொட்டால் அது அவளுடையதாக இல்லாமல் போகும்? நீ இருந்தபோதும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது. இன்றும் தெரியாது.

இன்று காலை மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல் தேடியபோது உன் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கையில் சிக்கியது. அரக்கு நிறம், பெரிய அளவு. பாதிப் பொட்டுகள் மீதமிருந்தன. நீ பொட்டு வைத்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அதியமான்கோட்டை ஃபேன்ஸி ஸ்டோர்காரர் ஒருமுறை, "டீச்சருக்கு எதுக்குங்க இத்தனை?" என்று கேட்டார். "எனக்கில்லீங்க, பிள்ளைங்க பேருக்கு" என்று சொல்லிவிட்டு நீ நடந்துவிட்டாய். அவர் என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்லும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு கட்டுரையும் கேட்கின்றன என்று பிளஸ் டூ பிள்ளைகளை என் வீட்டில் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்தவள் நீ. யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள், கடைசியில் மார்க்கைத்தானே பார்ப்பார்கள் என்றேன் நான். "உனக்கு எதுலதான் சந்தேகமில்ல? சந்தேகத்தோடவே வந்து உக்காரு. பேனாவை மட்டும் உள்ள வெச்சிட்டு வா" என்றாய். கேள்வி கேட்கலாம், பதிலை நாம் எழுதக்கூடாது. அது உன் சட்டம். எழுதியவளின் பேர் மேல் பொட்டை ஒட்டி, வேறொருத்தியை உரக்கப் படிக்க வைப்பாய். யாருடையது என்று மற்றவர்கள் கண்டுபிடித்தால் கட்டுரை தேறிவிட்டது. நீண்ட பேருக்கு இரண்டு பொட்டு.

நீ போனபிறகு நான் இதைத் தொடர்வேன் என்று நினைத்திருக்க மாட்டாய். நானும் நினைக்கவில்லை. ஆனால் கோகிலா என்று ஒரு பிளஸ் டூ பிள்ளை போன் செய்தாள். கம்பைநல்லூர்ப் பக்கம், அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். கட்டணம் முழுவதும் தள்ளுபடியானால்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்குக் கட்டுரைதான் வழி. தமிழிலேயே எழுதலாம். நாளை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

இன்று கோகிலா, நந்தினி உட்பட நான்கு பேர் வந்தார்கள். கோகிலாவின் தாளை வாங்கிப் படித்தேன். "பெருமதிப்பிற்குரிய ஐயா, என் தந்தை ஓர் ஏழை விவசாயி" என்று தொடங்கி, கலெக்டராகி மக்களுக்குச் சேவை செய்வதாக வாக்களித்து, ஆவன செய்யுமாறு கேட்டு முடித்திருந்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற மனு அப்படியே. நம் ஊரில் மேலிடத்துக்கு எழுதுவதென்றால் வேறு எப்படி எழுதுவது என்று யார் இவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்?

பொட்டை ஒட்டி நந்தினியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் தலையைச் சொறிந்தாள்.

"இது என்னுதா கூட இருக்கும் மேடம். எங்கப்பாவும் ஏழை விவசாயிதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. அவள் அவர்களை விட்டுச் சற்றுத் தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அவ கிட்டயே வர மாட்டாளுங்க மேடம்" என்றாள் நந்தினி. "பவுடர் வாசம் ஆகாதாம். பெரிய சாமியாரு!"

"போடி. எங்க வூட்டுல புழு இருக்குதுங்க மேடம். பவுடர், ஊதுபத்தி, கொசுவத்தி வாசம் துணியில ஒட்டிட்டுப் போனாக்கூட ஆவாது."

"நிஜமாகவே ஆகாதா? இல்லை, சும்மா சொல்கிறார்களா?" என் சந்தேகம் ஒருநாளாவது உதவட்டுமே!

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் அதே சந்தேகந்தானுங்க. அப்பாவுக்குத் தெரியாம நாலு புழுவ எடுத்து, தனித்தனிப் பேப்பர்ல தழையோட வெச்சு, ஒண்ணுகிட்ட பவுடர், ஒண்ணுகிட்ட தேங்காயெண்ணெ, ஒண்ணுகிட்ட ஊதுபத்திச் சாம்பல் வெச்சனுங்க."

"நாலாவதுகிட்ட?"

"ஒண்ணும் வெக்கலீங்க. அப்பத்தான மத்தது தெரியும்?"

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அந்த நாலாவது எதற்கென்று எனக்கு யாரோ சொன்னார்கள். பேனாவைத் தேடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று மட்டும் கேட்டேன். பவுடர் பக்கம் இருந்த புழு தழையைத் தொடவே இல்லையாம். தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்ததாம். ஏன் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. தெரியலைன்னு எழுதுனா தப்பாயிருமுங்களா?"

கலெக்டரை அடித்துவிட்டு இதை எழுது என்றேன். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினாள். கடைசியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 'எங்கள் வீடே என் முதல் ஆய்வுக்கூடம்' என்று முடித்தால் நன்றாக இருக்குமே என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். மறுபடி பொட்டு ஒட்டினோம். நந்தினி இரண்டு வரி படிப்பதற்குள், "கோகிலாடீ!" என்று கத்தினார்கள். நீ இருந்திருந்தால் நீயும் கத்தியிருப்பாய். நானும் கத்தினேன், நம்பு.

அந்த அட்டையை இழுப்பறையில் திரும்ப வைக்க மனமில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நேற்று இத்தோடு நிறுத்தியிருந்தேன். இன்று ஞாயிறு. நான்கு மணிக்கு மேல் கோகிலா போன் செய்தாள். பிரவுசிங் சென்டரிலிருந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள், வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. இனி இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் கையில்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடேசி வரிய எடுத்துட்டனுங்க."

"ஏன்?"

"வூட்டுல பேர மறைச்சுட்டு தங்கச்சியப் படிக்க வெச்சனுங்க. கடேசி வரி வந்ததும், இது உங்க மேடம் சொன்னதுதானேன்னு கேட்டுட்டா."

இப்போது கட்டுரை எப்படி முடிகிறது என்று கேட்டேன். படித்துக் காட்டினாள்: "அந்தப் புழு ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது."