உள்ளே வராத ஸ்லைடு

குவார்ட்சைட், அரிசோனா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நாடீனுக்கு,

நான் நலம். நம் வீடான இந்த வண்டிதான் நலமில்லை. நீயும் ரஸ்டி நாயும் டூசானில் மகள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ போனை எடுப்பதில்லையே. நான்கு நாட்களாக எப்போது கூப்பிட்டாலும் கேரல்தான் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். ஒரு மனுஷி நான்கு நாளா குளிப்பாள்? அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வண்டி லெராயின் மனைவி நாளை டூசான் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் வந்து சேராவிட்டால் அங்கேயே ஒரு வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். வரத்தான் சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினேன். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வண்டியை நிறுத்தியபோது வெளியே தள்ளியிருந்த ஸ்லைடை உள்ளே இழுக்கப் பொத்தானை அமுக்கினேன். ஒரு முனகல்கூட இல்லை. சாப்பாட்டு மேசையும் சோபாவும் இருக்கும் அந்தப் பாதி அறை சுவரோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியே நெடுஞ்சாலையில் போனால் எதிரே வரும் லாரிதான் அதை உள்ளே தள்ளும்.

மூன்று நாளாக நான் பட்ட பாட்டைக் கேள். பேட்டரியைப் பார்த்தேன், முழுசாக சார்ஜ் இருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து எர்த் வயரைச் சுரண்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. புதுப் பொத்தான் வாங்கிப் போட்டேன், அதுவும் ஊமை. வண்டி வாங்கிய இடத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண், வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறதா, ஓட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்கிறாள். "வர முடிஞ்சா நான் ஏம்மா உன்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்று கத்திவிட்டேன்.

லெராய் காலையும் மாலையும் காப்பிக் குவளையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தான். "அமுக்கி அமுக்கி உன் விரல்தான் தேயுது வெர்னன். பேட்டரியிலருந்து மோட்டாருக்கு நேரா வயர் கொடுத்துப் பாரு, உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு தெரிஞ்சிடும்" என்றான். கொடுத்தேன். மோட்டார் உறுமியது, ஸ்லைடு ஒரு சாண் நகர்ந்தது. நான் சந்தோஷப்படுவதற்குள் உள்ளே மடார் என்று ஒரு சத்தம். நீ உட்கார்ந்து படிக்கும் நாற்காலி ஸ்லைடுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் மாட்டி, முன்கால் முறிந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இழுத்திருக்கிறேன். மறுபடியும்.

மோட்டார் நன்றாக இருக்கிறது என்றால், பொத்தானுக்கும் அதற்கும் நடுவில்தான் எங்கோ மின்சாரம் நிற்கிறது. இன்று காலை டெஸ்டரை வைத்துக்கொண்டு வயரைத் தொட்டுத் தொட்டுப் போனேன். வரைபடத்தில் இல்லாத மஞ்சள் வயர் ஒன்று பிரிந்து சமையல் அலமாரிக்குள் போனது. மாவு டப்பாவை நகர்த்தினால், பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். அணைந்திருந்தது. அதன் கீழே ஒட்டிய நாடாவில் உன் கையெழுத்து: "முதலில் ரஸ்டி எங்கே என்று பார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று நாள், முதுகு, புதுப் பொத்தான்! ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அந்த அலமாரியைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ சொன்னாய். அக்டோபரில், ரஸ்டியின் காலை நான் ஸ்லைடில் நசுக்கினேனே, அதற்கு அடுத்த வாரம் யூமாவில் வைத்துச் சொன்னாய். டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் ஒன்று வைத்திருப்பதாக இரண்டு முறை சொன்னாய், நான் இரண்டு முறையும் தலையாட்டினேன். அதன் பிறகு நாம் தங்கிய ஒவ்வொரு இடத்திலும் சுவிட்சை நீயே அணைத்து, கிளம்பும் முன் நாயைத் தேடிப் பார்த்துவிட்டு நீயே போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவே இல்லை. "தலையாட்டுற பொம்மைகிட்ட இன்னும் எத்தனை வருஷம் பேசுறது" என்று நீ போகும்போது சொன்னதற்குக்கூட நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்த சுவிட்சை அறுத்து எறிந்தால் தொல்லை விட்டது என்கிறான் லெராய். அறுக்க மாட்டேன். நாற்காலிக் காலுக்குப் பசை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். ரஸ்டி இன்னும் நொண்டுகிறானா?

மதியம் சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று பார்த்துவிட்டு, நீ எப்போதும் சொல்வதைப் போல "இழுக்கலாமா?" என்று சத்தமாகக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றேன், சிரிக்காதே. பிறகு பொத்தானை அமுக்கினேன். சமர்த்தாக உள்ளே வந்துவிட்டது.

நாற்காலிப் பசை காய இரண்டு நாள் ஆகும், வியாழக்கிழமை கிளம்புகிறேன். கேரல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஸ்லைடை வெளியே தள்ள வேண்டியிருக்கும். அப்போது நீ வெளியே வந்து நில், நாடீன். நீ "சரி" என்று குரல் கொடுக்கும்வரை பொத்தானில் கை வைக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பேன். கெடு தாண்டிவிட்டது என்று தெரியும், ஆனாலும் அதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

இந்த முறை காதைத் திறந்து வைத்திருக்கும்,
வெர்னன்