மரத்தில் ஒரு கடற்குஞ்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் ஐவர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? ரூபர்ட் துறைமுகத்தில் இந்த வருடம் மீன் படுகிறதா?

நேற்று விடியற்காலையில், வெட்டுவதற்குக் குறி போட்ட ஓர் ஊசியிலை மரத்தில் வடம் கட்ட ஏறினேன். எழுநூறு வயது மரமாம். உயரத்தில் ஒரு கிளை முழுக்க மெத்தை போலப் பாசி. பிடிக்கலாம் என்று கை வைத்தேன். பாசி கண் திறந்தது! கால் வழுக்கிவிட்டது. இடுப்பில் கயிறு இருந்தது, பயப்படாதீர்கள்.

அது ஒரு குஞ்சு. நான் மூச்சு விடுவதற்குள் வாயில் மீனுடன் தாய் வந்தது. அப்பா, உங்கள் வலையைச் சுற்றி முங்கி எழுமே, அதே குட்டைக் கடற்பறவை! கடல் இங்கிருந்து நாற்பது மைல். என்னைக் கண்டதும் மீனை நழுவவிட்டுப் பறந்தது.

கீழிருந்து மேஸ்திரி டங்கன் கத்தினார். "டேய், மேல என்ன சந்தையா நடத்துற? மீன் விழுதுடா!"

இறங்கி வந்து சொன்னேன். சிரித்தவர், கீழே விழுந்த மீனைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குறியைச் சுரண்டி எடுத்தார்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் இதுல ரம்பம் படக்கூடாது. ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்."

 பதினோரு வருடமாகப் பெரிய மரங்களைச் சாய்க்கிறேன். ஒருமுறைகூடக் கிளைகளில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

கம்பளிக் காலுறையும், நீங்கள் புகைபோட்ட சால்மன் மீனும் அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள். இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்தப் பறவைகள் கடலில் இப்போது குறைந்துவிட்டனவா?

உங்கள் மகன்,
ஐவர்