புகைக்குழாய் வாங்கிய நாள்

கொல்லம் ஆண்டு 1109 மாசி 9. இரவு.

அண்ணனின் மோட்டார் படகுக்குப் புகைக்குழாய் வாங்க இன்று கோட்டாறு போனோம். இருந்த குழாயை உப்பு தின்றுவிட்டது. புதிது வாங்க வசதியில்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடந்தது. கறுப்புச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தது.

அண்ணன் என்னிடம் திரும்பினான்.

"மக்கா, நீ பாத்துச் சொல்லு. படிச்சவனில்லியா?"

நான் சென்னையிலிருந்து திரும்பிய இந்த எட்டு மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. நான் படித்தது தத்துவம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பானை வாங்குகிறவனைப்போல் விரலால் தட்டிப் பார்த்து, "நல்லதுதான்" என்றேன்.

மாலையில் கடற்கரையில், எஞ்சின் ஓட்டும் லாசர் குழாயின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தார். உள்ளே மண்ணெண்ணெய் விட்டார். சற்று நேரத்தில் சுண்ணாம்பின் மேல் மயிரிழைபோல ஒரு கோடு ஈரமாக ஊறி வந்தது.

"விரிசலுலே! இத மாட்டிட்டுப் போயிருந்தா எஞ்சின் அறையில நான் புகை முட்டிச் செத்திருப்பேன். எவம்லே இத எடுத்தது? பவுடரப் பாத்துப் பொண்ணு கெட்டுன கதயால்லா இருக்கு!"

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், "நாந்தான் எடுத்தேன்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சாப்பிடும்போதும் அவன் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

குழாயை மாற்ற விடிந்ததும் கோட்டாறு போகிறானாம். அண்ணியிடம் சொன்னான். நான் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன்.